இரக்கத்தைக் கல்வியாக்கிய ஐடா கேனன்

பிறர் துன்பம் கண்டவிடத்து உள்ளம் இளகுதல் மனிதர்க்கு இயல்பு. இவ்வியல்பைப் பள்ளியில் அமர்ந்து கற்கவும் வேண்டுமோ என்னும் ஐயம் நம் பெரியோர் பலர்க்கு உண்டு. மருத்துவமனையில் பணியாற்றும் பொருட்டுச் சமூகப்பணி பயில விரும்புவதாக ஒரு மாணவியோ மாணவரோ வீட்டில் சொல்லும்போது, மருத்துவம் படிக்கலாம், செவிலியர் படிப்புப் படிக்கலாம், நோயாளிக்கு ஆறுதல் கூறுவதற்கும் ஒரு பட்டம் வேண்டுமா என்ற வினா எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். இவ்வினா இகழ்ந்து ஒதுக்கத்தக்கதன்று. நல்ல மனமே போதும் என்னும் நம்பிக்கையிலிருந்து பிறப்பது அது. ஆயினும், நல்ல மனமும் கைத்திறனும் நிரம்பப் பெற்ற ஒருவர், அவை போதவில்லை என்பதை நேரிற்கண்டு, வேலையை விட்டு மீண்டும் மாணவியானார் என்றால், அவர் வரலாறு இவ்வினாவுக்கு ஏற்ற விடையாகும் அன்றோ? அவரே ஐடா மாட் கேனன் அம்மையார். மருத்துவச் சமூகப்பணி என்னும் துறை பயிலப்படும் இடங்களில் எல்லாம் முன்னோடியாகப் போற்றப்படுபவர்.

மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணிக் கூறிய வள்ளுவர், நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என நான்காக வகுத்தார். இந்நான்கும் செவ்வனே அமைந்தும் நோய் தீராதவிடத்து, அதற்குக் காரணம் யாது? இக்கேள்வியே ஐடா அம்மையாரின் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது.

இளமையும் செவிலிக் கல்வியும்

ஐடா 1877-ஆம் ஆண்டு சூன் 29-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த மில்வாக்கி நகரில் பிறந்தார். தந்தையார் இரயில்வே நிறுவனத்தில் பணியாற்றியவர். ஐடாவுக்கு நான்கு வயதாகும்போது, 1881-இல், அன்னையார் மறைந்தார். குடும்பம் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் வாழ்ந்தது. ஐடாவின் தமையனார் வால்டர் கேனன் பிற்காலத்தில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராக விளங்கி உலகப் புகழ் பெற்றவர். தமையன், தங்கை இருவர் வாழ்வும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததைப் பின்னர்க் காண்போம்.

செயின்ட் பால் நகரப் பொது மருத்துவமனையில் ஐடா செவிலிப் பயிற்சி பெற்று 1898-இல் தேறினார். பின்னர் ஃபேரிபால்ட் என்னும் ஊரில் மனவளர்ச்சி குன்றியோருக்கென மாநில அரசு நடத்திய நிறுவனத்தில் பணி ஏற்றார். இரண்டு ஆண்டுகள் அங்கிருந்தார். இளம் வயதிலேயே நல்ல பணி, ஓரளவு பொறுப்பு, நிலையான ஊதியம். பலரும் அந்நிலையிலேயே நிறைவடைந்திருப்பர். ஐடா நிறைவடையவில்லை. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சமூகவியலும் உளவியலும் பயின்றார். செவிலிப் பாடம் உடம்பைக் கற்பித்தது. உடம்பைத் தாங்கி நிற்கும் மனத்தையும் சமூகத்தையும் அறியவேண்டும் என்னும் வேட்கை அவரை வகுப்பறைக்கு மீட்டுச் சென்றது.

அக்காலத்தில் ஜேன் ஆடம்ஸ் அம்மையாரின் சொற்பொழிவு ஒன்றைக் கேட்கும் வாய்ப்பு ஐடாவுக்குக் கிட்டியது. ஆடம்ஸ், சிகாகோ நகரில் குடியேறிய ஏழை மக்களிடையே 1889-இல் ஹல் இல்லம் என்னும் தொண்டு நிலையத்தை நிறுவி அவர்களோடு வாழ்ந்தவர். 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர். அவ்வுரை ஐடாவின் வாழ்க்கைத் திசையை மாற்றியது. நோயாளியை மருத்துவமனைக் கட்டிலில் காண்பதை விட்டு, அவர் வாழும் வீட்டிற்கே சென்று காணும் பணியை அவர் நாடினார்.

வீடு காட்டிய உண்மை

செயின்ட் பால் நகரின் அறநிலையக் கூட்டமைப்பில் வீடுதேடிச் செல்லும் செவிலியாக அவர் சேர்ந்தார். மூன்றாண்டுகள் ஏழையர் குடியிருப்புகளில் அலைந்து பணி செய்தார். மருத்துவமனையில் கட்டில் வரிசையாக இருக்கும். விரிப்பு வெண்மையாக இருக்கும். உணவு வேளைக்கு வரும். அங்கே நோயாளிக்கு நோய் ஒன்றே துன்பம். வீட்டிலோ நோய் தனித்து நிற்பதில்லை. காற்றோட்டமில்லா அறை, கூலி இழப்பு, கடன், பசித்த குழந்தைகள், குடும்பப் பூசல், மொழி தெரியாத அச்சம் ஆகிய அனைத்தும் நோயைச் சூழ்ந்து நிற்கும். செவிலி புண்ணைக் கட்டலாம்; காய்ச்சலை அளக்கலாம். மீண்டும் மீண்டும் புண்ணை உண்டாக்கும் வாழ்க்கையை என் செய்வது?

இவ்விடத்தில் ஐடா எடுத்த முடிவே நம் கட்டுரைக்கு உயிர்நிலை. இன்னும் மிகுதியாக உழைப்போம், இன்னும் கனிவாக நடப்போம் என்று அவர் அமைந்துவிடவில்லை. தமக்குத் தெரியாத ஒன்று உளது, அது கற்றறியத்தக்கது என்று துணிந்தார். 1906-இல், தம் இருபத்தொன்பதாம் வயதில், பணியைத் துறந்து கீழைக் கடற்கரை நகரமாகிய பாஸ்டனுக்குச் சென்றார். அங்கே சிம்மன்ஸ் கல்லூரியும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இணைந்து 1904-இல் தொடங்கியிருந்த சமூகப்பணியாளர் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். அருகிலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் தமையனார் வால்டரின் இல்லமே அவர்க்கும் இல்லமாயிற்று.

தாழ்வாரத்து மூலை

பாஸ்டனில் உள்ள மசாச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை அந்நாட்டின் தொன்மையான மருத்துவமனைகளுள் ஒன்று. 1821-இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. 1846-இல் ஈதர் கொடுத்து வலியின்றி அறுவை செய்யலாம் என்பதை உலகறியக் காட்டிய இடமும் அதுவே. அங்கே புறநோயாளர் பிரிவில் பணியாற்றியவர் ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவர். நோய் அறிதலில் வல்லவர் எனப் பெயர் பெற்றவர். அவர்க்கு ஒரு மனக்குறை இருந்தது. நாள்தோறும் நோயாளிகள் வரிசையாக வருகின்றனர். ஒவ்வொருவர்க்கும் சில நிமிடங்களே கிடைக்கின்றன. ஓய்வெடுக்குமாறும் நல்ல உணவு உண்ணுமாறும் கவலையை விடுமாறும் அறிவுரை வழங்கப்படுகின்றது. அவற்றுள் ஒன்றையேனும் கடைப்பிடிக்கும் நிலையில் அந்நோயாளி உள்ளாரா என்பதை எவரும் அறிந்திலர்.

கேபட், பாஸ்டன் குழந்தைகள் உதவிச் சங்கத்தின் இயக்குநருள் ஒருவராகவும் இருந்தார். அச்சங்கத்தில் ஒரு குழந்தைக்கு உதவுமுன் அதன் குடும்பம், பள்ளி, உடல்நலம், சூழல் ஆகிய அனைத்தையும் ஆராய்ந்து பேசி முடிவெடுப்பதைக் கண்டார். இம்முறை மருத்துவமனைக்கு வேண்டும் எனக் கருதி, 1905-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் கார்னெட் பெல்டன் என்னும் செவிலியரைச் சமூகப்பணியாளராக அமர்த்தினார். அவர்க்குத் தனியறை இல்லை. புறநோயாளர் பிரிவின் தாழ்வாரத்தில் ஒரு மூலையே அலுவலகம். செலவை மருத்துவமனை ஏற்கவில்லை. கேபட்டும் அவரைச் சார்ந்த நன்கொடையாளரும் ஏற்றனர். ஆறு திங்களில் பெல்டன் காசநோய்க்கு ஆளாகிப் பணியை விட்டு விலக நேர்ந்தது. யார்க்குத் தொண்டு செய்தாரோ அவர்களின் நோயே அவரையும் பற்றியது.

தமையனார் வாயிலாகக் கேபட்டின் அறிமுகம் பெற்ற ஐடா, பள்ளியில் பயிலும்போதே அம்மூலையில் ஊதியமின்றித் தொண்டாற்றத் தொடங்கினார். 1907-இல் படிப்பு முடிந்ததும் முழுநேரப் பணியாளரானார். அடுத்த ஆண்டே தலைமைப் பணியாளராக உயர்ந்தார். அன்று தொட்டு 1945-இல் ஓய்வு பெறும் வரை அம்மருத்துவமனையே அவர் வாழ்வாயிற்று.

நோயும் வீடும்

அவர் செய்த பணி யாது என்பதை ஒரு நோயைக் கொண்டு விளக்குதல் நன்று. காசநோய்க் கிருமியை 1882-இல் ராபர்ட் காக் கண்டறிந்தார். ஆனால் அதனைக் கொல்லும் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில்தான் கிடைத்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகள் மருத்துவர் கையில் இருந்தவை நல்ல காற்று, நெடிய ஓய்வு, பால், முட்டை போன்ற சத்துணவு, நோயாளிக்குத் தனிப் படுக்கை, சளியைத் தூய்மையாக அகற்றும் முறை ஆகியவையே. ஊன்றி நோக்கின், இவற்றுள் எதுவும் மருந்துக்கடையில் கிடைப்பதன்று. யாவும் வீட்டில் அமையவேண்டியவை. அன்றாடக் கூலியால் வாழ்பவன் ஓய்வெடுத்தால் அடுப்பு எரியாது. ஓரறையில் ஆறுபேர் உறங்கும் வீட்டில் தனிப் படுக்கைக்கு இடமேது? மருத்துவர் எழுதித் தந்த சீட்டு அவ்வீட்டு வாயிலில் பொருளற்றுப் போகும்.

அச்சீட்டுக்குப் பொருள் உண்டாக்குவதே ஐடாவின் பணி. நோயாளியின் இல்லம் சென்று நிலைமையை அறிவது. அதனை மருத்துவரிடம் தெரிவித்து, இயலக்கூடிய மருத்துவத் திட்டத்தை வகுக்கச் செய்வது. நோயின் தன்மையை நோயாளிக்கும் குடும்பத்தார்க்கும் அவர்கள் அறியும் சொற்களில் எடுத்துரைப்பது. வேலை, வாடகை, குழந்தை பராமரிப்பு ஆகியவற்றுக்கு நகரில் எந்த அமைப்பு உதவுமோ அதனோடு இணைத்துவிடுவது. பின்னர் அவர் மீண்டும் சிகிச்சைக்கு வருகிறாரா எனக் கண்காணிப்பது என அது விரிந்தது. பாஸ்டனில் அன்று பல நாடுகளிலிருந்து குடியேறியவர் நிறைந்திருந்தனர். மருத்துவர் மொழி நோயாளிக்கும், நோயாளியின் வழக்கம் மருத்துவர்க்கும் புரியாத நிலையில், இருவர்க்கும் இடையே பாலமாக நிற்பவர் இன்றியமையாதவர் ஆனார்.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் தகும். இதற்குப் பத்தாண்டுகட்கு முன், 1895-இல், இலண்டன் மாநகரின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் இத்தகைய பணிக்கு அமர்த்தப்பட்டார். இலவசச் சிகிச்சை பெறுவோர் உண்மையில் ஏழையரா என ஆராய்வது அவர்க்கு இடப்பட்ட முதற்கடமைகளுள் ஒன்று. பின்னாளில் அங்கும் பணி விரிவடைந்தது. எனினும் தொடக்கத்தில் அங்கே கேட்கப்பட்ட கேள்வி, இவர் உதவி பெறத் தகுதியுடையவர்தாமா என்பது. ஐடா கேட்ட கேள்வி, இவர் நலம் பெறத் தடையாக நிற்பது எது என்பது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. முதற்கேள்வி நோயாளியைச் சோதிக்கிறது. இரண்டாவது கேள்வி நோயாளியோடு நிற்கிறது.

இரக்கம் பாடமாதல்

தாம் ஒருவர் நன்றாகச் செய்தால் போதாது, செய்முறை பிறர்க்குக் கற்பிக்கத்தக்கதாக அமையவேண்டும் என்பதில் ஐடா உறுதியாக இருந்தார். இவ்வுறுதியே அவரை வெறும் தொண்டர் என்னும் நிலையிலிருந்து ஒரு துறையின் ஆசிரியர் என்னும் நிலைக்கு உயர்த்தியது. 1912-இல் சிம்மன்ஸ் பள்ளியில் மருத்துவச் சமூகப்பணிக்கெனத் தனிப் பயிற்சி தொடங்கப்பட்டது. அதனை உருவாக்கியதில் ஐடாவுக்குச் சிறப்பான பங்குண்டு. 1913-இல் மருத்துவமனைகளில் சமூகப்பணி பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1923-இல் அது திருத்தப் பதிப்புக் கண்டது. அத்துறையின் தொடக்க காலப் பாடநூலாக அது நெடுங்காலம் பயன்பட்டது.

அவர் வலியுறுத்திய கல்வி எத்தகையது? நோய்கள் பற்றிய அடிப்படை அறிவு வேண்டும். ஆயினும் நோயறிந்து மருந்து சொல்லும் வேலையில் தலையிடலாகாது. செவிலிக் கல்வி பெரிதும் பயன்படும். ஆயினும் அது மட்டும் போதாது. சமூகம், மனம், குடும்பம், தொழில், சட்டம் பற்றிய அறிவு உடன் வேண்டும். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறிப்பெழுதி வைக்கவேண்டும். நினைவை மட்டும் நம்புதல் பிழை. வீட்டுக்குள் நுழையும் உரிமை நோயாளி நம்பித் தந்தது. ஆதலின் அங்குக் கண்டதைக் காக்கும் கடமையும் உண்டு. உதவியை வாரி வழங்குவதைக் காட்டிலும், அவர் தம் காலில் நிற்கும் வழியை அவரோடு சேர்ந்து தேடுவதே மேலானது.

இவற்றை எண்ணிப் பார்ப்போர்க்கு முன்னே எழுந்த வினாவின் விடை தெளிவாகும். இரக்கம் கற்றுத் தரப்படுவதன்று. இரக்கம் தவறின்றிச் செயற்படும் முறையே கற்றுத் தரப்படுகின்றது. பயிற்சியில்லா இரக்கம் சில வேளை நோயாளியை அவமதித்துவிடும். சில வேளை பொய்யான நம்பிக்கை ஊட்டிவிடும். சில வேளை தானே சோர்ந்து பாதி வழியில் நின்றுவிடும்.

நிறுவனம் ஏற்றுக்கொண்ட கதை

தொடக்கத்தில் மருத்துவமனை நிருவாகம் இப்பணியைத் தன்னுடையதாகக் கருதவில்லை. புறத்தே இருந்து வந்த நல்லெண்ண முயற்சி என்ற அளவிலேயே பொறுத்துக்கொண்டது. மருத்துவர் சிலர் வெளியார் தலையீடு என ஐயுற்றனர். ஐடா இவர்களோடு பூசலிடவில்லை, பின்வாங்கவுமில்லை. பணியின் பயனை மருத்துவர்களே காணுமாறு செய்தார். 1914-இல் சமூகப்பணிப் பிரிவின் தலைவர் என்னும் பதவி அவர்க்கு அளிக்கப்பட்டது. 1919-இல் மருத்துவமனையின் அறங்காவலர் குழு அப்பிரிவை மருத்துவமனையின் பிரிக்கவியலாத உறுப்பாக ஏற்று, செலவையும் தானே ஏற்றது. தாழ்வாரத்து மூலையிலிருந்து அங்கீகாரம் வரை பதினான்கு ஆண்டுகள் ஆயின. தொடங்கியவுடன் பலனை எதிர்நோக்கும் இளையோர் இக்காலக் கணக்கை மனத்திற்கொள்வது நன்று.

இதற்கிடையே பிற நகரங்களின் மருத்துவமனைகளும் இத்தகைய பிரிவுகளைத் தொடங்கலாயின. ஐடா பல இடங்களுக்குச் சென்று வழிகாட்டினார். 1918-இல் கன்சாஸ் நகரில் அமெரிக்க மருத்துவமனைச் சமூகப்பணியாளர் சங்கம் உருவானது. அதனைத் தோற்றுவித்தோருள் ஐடா முதன்மையானவர். அதன் தலைவராகவும் பணியாற்றினார். அச்சங்கத்தின் வழித்தோன்றலான அமைப்பு, 1955-இல் பிற சங்கங்களோடு இணைந்து நாடு தழுவிய சமூகப்பணியாளர் சங்கமாயிற்று.

தமையனும் தங்கையும்

கேம்பிரிட்ஜில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இவ்விருவர் பணியையும் ஒப்புநோக்குதல் சுவையானது. அச்சமும் சினமும் பசியும் வலியும் உடம்பினுள் எத்தகைய மாற்றங்களை விளைவிக்கின்றன என்பதைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து 1915-இல் நூலாக வெளியிட்டார் வால்டர். உடம்பு தன் உள்நிலையைச் சமனாகக் காத்துக்கொள்ளும் ஆற்றலை விளக்கி 1932-இல் மற்றொரு நூல் தந்தார். தங்கையோ அதே அச்சத்தையும் பசியையும் சோதனைக்கூடத்துக்கு வெளியே, வாடகை வீடுகளின் இருண்ட படிக்கட்டுகளில் சந்தித்தார். மனக்கவலை உடலைத் தாக்கும் என்பதைத் தமையன் அறிவியலாக நிறுவினார். அக்கவலையின் வேரைத் தேடிச் செல்லும் தொழிலைத் தங்கை நிறுவினார். ஒன்றுக்கொன்று தாழ்ந்ததில்லை.

ஓய்வுக்குப் பின்னரும் ஐடா எழுதுவதை நிறுத்தவில்லை. மருத்துவச் சமூகப்பணியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய அவரது நூல் 1952-இல், அவரது எழுபத்தைந்தாம் வயதில், வெளிவந்தது. 1960-ஆம் ஆண்டு சூலை 7-ஆம் நாள், எண்பத்து மூன்று வயது நிறைந்த நிலையில், மசாச்சூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் அவர் காலமானார்.

நம் நாட்டில்

அவர் வளர்த்த துறை நம் நாட்டையும் வந்தடைந்தது. 1936-இல் பம்பாயில் கிளிஃபர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்கரின் பொறுப்பில் டாட்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1946-இல் அந்நகரின் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணியாளர் நியமனம் பெற்றார். 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி உருவானது. இன்று முதுநிலைச் சமூகப்பணிப் படிப்பில் மருத்துவமும் மனநலமும் சார்ந்த பிரிவைப் பயின்றோர், புற்றுநோய், சிறுநீரக நோய், மனநோய், உறுப்பு மாற்று எனப் பல பிரிவுகளில் பணியாற்றுகின்றனர்.

ஐடா கண்ட உண்மை பழங்கதையாகிவிடவும் இல்லை. காசநோய்க்கு வீரியமிக்க மருந்துகள் வந்துவிட்ட பின்னரும், நடுவண் அரசு 2018-இல் காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி, 2024-இல் அத்தொகையை 1000 ரூபாயாக உயர்த்தியது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, நோயாளியின் வீட்டார்க்கு உணவுப் பொருள் வழங்கியதால் அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. வீடும் மருத்துவத்தின் ஓர் உறுப்பே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மருத்துவமனைகளை நோக்கி அடியெடுத்து வைக்க விழையும் நம் மாணவர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. ஊசியும் கத்தியும் ஏந்தாமலும் நோய் தீர்க்கும் பணியில் பங்கு கொள்ளலாம். ஆனால் அதற்குக் கல்வி வேண்டும். களத்தில் நடக்கும் கால்கள் வேண்டும். மதிப்புக் கிட்டும் வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. இப்படிப்பை நாடும் பிள்ளைகளை, வேறு இடம் கிடைக்காமையால் வந்தவர் என்று எண்ணிவிட வேண்டா. செவிலிப் பட்டமும் அனுபவமும் கைவரப் பெற்ற ஒரு பெண்மணி, இருபத்தொன்பது வயதில் எல்லாவற்றையும் ஒருபுறம் வைத்துவிட்டுத் தேடிச் சென்று பயின்ற கல்வி இது.